உடைந்த பாலம்

அபிசீனியா என முன்னாளில் வழங்கிய எத்தியோப்பியா தேசத்தில், கோஜாம், கோண்டார் என்னும் இரு நாடுகளையும் நீல நைல் ஆறு ஆழ்ந்த மலைப்பிளவினால் பிரிக்கின்றது. அங்குள்ளார் அதனை அபாய் என்பர். நம் ‘அபாயம்’ என்னுஞ் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. ஆயினும் முதலைகள் வாழும் அவ்வாற்றுக்குப் பொருந்தாத பெயரன்று.

17-ஆம் நூற்றாண்டில், பாசிலிதாஸ் மன்னன் காலத்தே, மோட்டா என்னும் ஊர்க்கு அணித்தாய் அவ்வாற்றின்மேல் ஒரு கற்பாலம் எடுக்கப்பட்டது. 1936 முதல் 1941 வரை நாட்டைப் பற்றியிருந்த இத்தாலியப் படை கடவாதிருக்கும்பொருட்டு அதன் நடுவளைவைத் தகர்த்தனர். அதுமுதல் ‘செபரா டில்டி’, அஃதாவது உடைந்த பாலம், என்பதே அதன் பெயராயிற்று. பகைவர் போயினர்; பிளவு போகவில்லை. இருபுறமும் ஆடவர் கயிறு பற்றி நிற்ப, சந்தைக்குச் செல்வாரும் சுற்றத்தைக் காணச் செல்வாரும் அக்கயிற்றிலே தொங்கி அக்கரை சேர்ந்தனர். ஒருநாள் இருநாளன்று, ஏறக்குறைய அறுபது ஆண்டுகள்!

2001-இல் இக்காட்சியின் படத்தை ஒரு பத்திரிகையிற் கண்ட கென் பிரான்ட்ஸ் என்னும் அமெரிக்கர் மனம் பொறாராய்த் தொண்டர்களைச் சேர்த்தார். 2002-இல் அவர்கள் அச்சேய்மைக்கண் சென்று இரும்புச் சட்டங்களால் பிளவை மூடினர். 2005-இல் பெருவெள்ளம் அச்சட்டங்களை வாரிக்கொண்டு போயிற்று.

படங்கண்டு இரங்குவார் பலர். செய்தது அழிந்தபின் மீண்டுஞ் செல்வார் அரியர். யான் வியப்பது அவ்விரண்டாஞ் செலவையே. இம்முறை பழைய வளைவில் ஒட்டுப்போடுதலை விடுத்து, 2009-இல் இரும்பு வடந்தாங்கிய தொங்குபாலம் ஒன்றைப் புதிதாய் அமைத்தனர்.