நாளைய உலகுக்கு எழுதிய இசை

திரைப்படம் பேசத் தொடங்கிச் சில ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. படப்பிடிப்பு முடிந்து, காட்சிகள் வெட்டி ஒட்டப்பட்ட பின்னரே இசையமைப்பாளரை அழைப்பது படக் கம்பனிகளின் வழக்கமாயிருந்தது. தைத்து முடித்த சட்டைக்குப் பொத்தான் வைக்கும் வேலையே அவருக்கு எஞ்சியது. இவ்வழக்கத்தை மாற்ற முனைந்தவர் இசைவாணர் அல்லர், எழுத்தாளர் எச். ஜீ. வெல்ஸ் என்பதுதான் வியப்பு.

1933 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலொன்றைத் தழுவி, வருங்கால உலகைக் காட்டும் படமொன்றை அலெக்சாந்தர் கோர்டாவின் கம்பனிக்காக வெல்ஸ் திட்டமிட்டார். 'திங்ஸ் டு கம்' என்பது அதன் பெயர். 1934 இல் இலண்டன் றோயல் இன்ஸ்டிடியூஷனில் ஆர்தர் பிளிஸ் என்னும் இசையமைப்பாளர் நிகழ்த்திய சொற்பொழிவைக் கேட்ட வெல்ஸ், படத்துக்கு இசை எழுதுமாறு அவரை வேண்டினார். இசை முதலில் பிறக்க வேண்டும், காட்சிகள் அதனோடு இணைந்து வளர வேண்டும் என்பது வெல்ஸின் எண்ணம்.

கதை 1940 ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் தொடங்குகின்றது. பெருநகரொன்றில் குழந்தைகள் விளையாட்டுப் பொருள்களுடன் களித்திருக்கின்றனர், போர் மூள்கின்றது, வானிலிருந்து குண்டுகள் பொழிகின்றன. பல்லாண்டுப் போருக்குப் பின் கொள்ளைநோய் பரவுகின்றது. பின்னர் விஞ்ஞானிகள் புதிய உலகைக் கட்டியெழுப்புகின்றனர். 2036 ஆம் ஆண்டில் மனிதரைச் சந்திரனை நோக்கிப் பெரும் பீரங்கியால் ஏவுவதோடு படம் முடிகின்றது.

பிளிஸுக்கு இக்கதையின் முற்பகுதி வெறுங் கற்பனையன்று. முதலாம் உலகப் போரில் சோம் களத்தில் அவர் காயமுற்றார். 1918 இல் நச்சுவாயுவுக்கும் இலக்கானார். அவருடைய தம்பி கென்னார்ட் 1916 இல் தீப்வால் அருகே உயிர்நீத்தார். 1930 இல் அவர் இயற்றிய 'மோர்னிங் ஹீரோஸ்' என்னும் பேரிசைப் படைப்பு, அத்தம்பியின் நினைவுக்கும் உடன் போரிட்டு மாண்டோர் நினைவுக்கும் உரியது. வெல்ஸோ போரை நுணுகி ஆராய்ந்தவரேயன்றிக் களத்தில் நின்று போரிட்டவரல்லர். இவ்வேறுபாடு இசையிலே கேட்கின்றது. குழந்தைகளின் ஆட்டத்துக்குரிய துள்ளலான பகுதியும், அதன்பின் வரும் கடுமையான அணிநடையும், குண்டுவீச்சுப் பகுதியும் நெஞ்சைப் பற்றிக்கொள்கின்றன. புதிய உலகின் வெற்றியைப் பாடும் இறுதிப் பகுதி கம்பீரமானதே. ஆயினும் முற்பகுதியின் உறுதி அதில் இல்லை. கண்டறிந்த துயரத்தை எழுதுவதற்கும் காணாத இன்பத்தை எழுதுவதற்கும் உள்ள தூரம் அது.

இசையே முன்னிற்க வேண்டும் என்ற திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. இலண்டன் சிம்பொனி இசைக்குழு மியூர் மதீசனின் நெறிப்படுத்தலில் வாசித்தது. சில பகுதிகள் முன்கூட்டியே ஒலிப்பதிவாயின. ஆனால் படப்பிடிப்பு நீண்டது. காட்சிகள் மாறின, குறைந்தன. அவற்றோடு இசையும் கத்தரிக்கப்பட்டது. யந்திரங்கள் புதிய நகரை அமைக்கும் காட்சியில் மாத்திரம் வெல்ஸ் விரும்பிய இணைப்பு ஓரளவு தெரிகின்றது.

எனினும் இசை படத்தைக் காத்திருக்கவில்லை. 1935 செப்டெம்பரில், படம் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, இலண்டன் குவீன்ஸ் ஹோல் மண்டபத்தில் நடந்த புறொமனேட் கச்சேரியொன்றில் பிளிஸ் அதன் தொகுப்பைத் தாமே நடத்தினார். டெக்கா கம்பனி அதனை இசைத்தட்டுகளாகவும் வெளியிட்டது. திரைப்பட இசை கச்சேரி மேடையில் தனித்து நிற்கவல்லது என்பதை அக்காலத்தில் நம்பியோர் சிலரே.

படம் 1936 பெப்ருவரியில் திரையிடப்பட்டது. கதையிலே குறித்த ஆண்டுக்கு முன்பே, 1939 செப்டெம்பரில், உண்மைப் போர் மூண்டது. 1940 செப்டெம்பர் 7 ஆம் திகதி இலண்டன்மீது தொடர் குண்டுவீச்சு ஆரம்பமாயிற்று. 1941 மே மாதம் 10 ஆம் திகதி இரவு வீழ்ந்த தீக்குண்டுகளால், அவ்விசை முதன்முதல் மேடையேறிய குவீன்ஸ் ஹோல் எரிந்து சாம்பலானது. அது மீண்டும் கட்டப்படவேயில்லை.

போர் தொடங்கியபோது அமெரிக்காவிலிருந்த பிளிஸ் 1941 இல் நாடு திரும்பினார். 1942 முதல் 1944 வரை பீ.பீ.ஸி. இசைப் பகுதியின் தலைவராகப் பணியாற்றினார். 1953 இல் அரசவை இசைவாணரானார். 1975 இல் காலமானார். படத்துக்கென அவர் எழுதிய இசையின் மூலப்பிரதி முழுமையாகக் கிடைக்காமையால், பிற்காலத்தில் பிலிப் லேன் போன்றோர் அதனை மீண்டும் உருவாக்கித் தர நேர்ந்தது. 1935 இல் கச்சேரிக்கெனத் தொகுத்த பகுதிகளோ இன்றும் வாசிக்கப்படுகின்றன.