உலைக்களத்தில் யாருக்கு இடம்?

மெட்ராஸ் கடற்கரையின் பழைய படகுகளில் ஆணிக்கு வேலை இல்லை. கட்டுமரம் கயிற்றால் கட்டப்பட்டது; துறைமுகம் வருவதற்கு முன் கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்த மசூலாப் படகின் பலகைகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த பலகையானால் பிளந்துவிடும். ஆனாலும் நொச்சிக்குப்பம் போன்ற மீனவக் குப்பங்கள் கொல்லனை நம்பித்தான் இருந்தன. தூண்டில் முள், நங்கூரம், மீன் அரியும் அரிவாள்மனை எல்லாமே இரும்பு. உப்புக்காற்று பட்ட இரும்பு சீக்கிரம் துருவேறும் என்பதால், கடலோரத்தில் அந்தத் தேவை ஓய்வதே இல்லை.

அந்த இரும்பை அடிக்க யார் கற்றுக்கொண்டார்கள்?

தமிழ்நாட்டில் இரும்பின் வயது மிக அதிகம். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த சான்றுகளின் காலக்கணிப்பு பொதுயுகத்துக்கு முன் 3345 வரை செல்வதாக, மாநிலத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளே அகழாய்வில் வெளிப்பட்டன. இவ்வளவு நீண்ட அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறாமல், அப்பனிடமிருந்து பிள்ளைக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்கு என்று கைமாறி வந்தது. பட்டறைக்குள் பிறந்தவனுக்கு அது சொத்து. வெளியே பிறந்தவனுக்கு வழியில்லை.

பட்டறைப் பிள்ளையின் முதல் வேலை துருத்தி ஊதுவது. பார்க்கச் சின்ன வேலையாகத் தெரியும், ஆனால் நெருப்பைப் படிப்பது அங்கேதான் தொடங்குகிறது. மங்கிய சிவப்பில் இருக்கும் இரும்பு அடிக்கு இணங்காது. ஆரஞ்சும் மஞ்சளுமாக ஒளிரும்போது இணங்கும். வெள்ளையாகிப் பொறி சிதறத் தொடங்கினால் இரும்பே எரிகிறது என்று பொருள். அடுத்தது சம்மட்டி. ஆசான் சிறு சுத்தியலால் தட்டிக் காட்டும் இடத்தில், பிசகாமல், அதே தாளத்தில் அடிக்க வேண்டும். குறடு கைக்கு வருவது அதற்கும் பிறகு. கம்பியை நீட்டுவது, முனையைக் கூராக்குவது, பட்டடையின் விளிம்பில் வைத்து வளைப்பது, சூட்டில் துளையிடுவது ஆகியவை அடிப்படைப் பாடங்கள். ஒரு கொக்கி செய்தாலே இவற்றில் மூன்று வந்துவிடும்.

கடினமானது தோய்ச்சல், அதாவது காய்ச்சிய இரும்பைச் சட்டென்று குளிர்வித்து விறைப்பேற்றுவது. கடையில் வாங்கும் சாதாரணக் கம்பியில் கரிமம் குறைவு, தோய்த்தாலும் விறைப்பு ஏறாது. அதனால்தான் அரிவாளுக்கு லாரியின் பழைய வில்பட்டைகளைத் தேடுகிறார்கள். பழுக்கக் காய்ச்சித் தோய்த்த அலகு கண்ணாடிபோல நொறுங்கும் நிலையில் இருக்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி இளஞ்சூட்டில் வாட்டும்போது, சுமார் 220 முதல் 300 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கோல் மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறங்கள் வரிசையாக ஓடும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதில்தான் கொல்லனின் பெயர் நிற்கிறது.

இந்தக் குடும்பச் சுவருக்கு வெளியே மெட்ராஸில் ஒரு கதவு 1850-ல் திறந்தது. மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் அந்த ஆண்டு சொந்த முயற்சியில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு தொழில் பிரிவும் சேர்ந்தது. 1855-ல் அரசு ஏற்றுக்கொண்ட அந்தப் பள்ளியில்தான் 1898-ல் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திர வேலையைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதன் வாரிசு. தரமணியின் மத்திய பாலிடெக்னிக்கோ 1916-ல் தொடங்கிய மெட்ராஸ் டிரேட் ஸ்கூலிலிருந்து வளர்ந்தது. கைத்தொழிலைப் பாடமாக்கி, சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் எழுதிக் கற்கலாம் என்ற எண்ணம் இப்படித்தான் நகரத்தில் வேர்விட்டது.

எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. 1953-ல் முதல்வர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தார். போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். கொல்லன் மகன் கொல்லனாகவும் மீனவர் மகன் மீனவராகவும்தான் ஆக வேண்டுமா என்ற கேள்விக்கு அன்று தமிழ்நாடு தெளிவாகப் பதில் சொன்னது.

அதே கேள்வி 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தோடு திரும்பி வந்தது. கொல்லுவேலை உட்பட 18 தொழில்களுக்கு அது சில நாள் அடிப்படைப் பயிற்சியும், நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகையும், 15,000 ரூபாய்க்குக் கருவிகளும் தருகிறது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கவும், குறைந்தபட்ச வயதை 18-லிருந்து 35 ஆக உயர்த்தவும் தமிழ்நாடு கேட்டது. கோரிக்கை ஏற்கப்படாததால், 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தானே தொடங்கியது.

இளம் வயதினரைக் குலத்தொழிலுக்குள் தள்ளாமல் காப்பது நியாயம். விரும்பி வருகிற இளைஞருக்குக் கற்க இடம் தருவதும் அதே அளவு நியாயம். சில நாள் பயிற்சியில் கொக்கி அடிக்கலாம், உளிமுனை கூராக்கலாம். தோய்ச்சல் கைவர மாதங்கள் ஆகும். கிண்டி அரசு ஐடிஐயிலோ தரமணியிலோ, பட்டறையில் வாழ்நாளைக் கழித்த கொல்லர் ஒருவரைச் சம்பளத்தோடு ஆசிரியராக அமர்த்தி, எந்தக் குடும்பத்துப் பையனும் பெண்ணும் சேரும்படி ஓராண்டு வகுப்பை அரசு தொடங்க வேண்டும். நிறம் பார்த்துத் தோய்ச்சல் போடத் தெரிந்தவர்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அது நடக்க வேண்டும்.