காறல்: ஒரு சொல்லின் வரலாறு

நாகரிகம் கருதி அவையில் சொல்லத் தயங்கும் சொற்களும் மொழியின் பழைமையைத் தாங்கி நிற்பனவே. தொண்டையில் திரண்ட கோழையை ஒலியுடன் வெளிக்கொணர்தலைக் குறிக்கும் ‘காறுதல்’ என்பது அவற்றுள் ஒன்றாகும்.

இச்சொல்லுக்குத் தமிழில் வேறொரு பொருளும் உண்டு. நன்கு வேகாத கருணைக்கிழங்கு தொண்டையை அரிக்கும். அதனைக் ‘காறுகிறது’ என்பர். அரிப்பு மிகுந்த வகையைக் காறுகருணை என்றும், அரிப்பற்றதைக் காறாக்கருணை என்றும் முன்னோர் பிரித்தறிந்தனர். கிழங்கிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டு ஊசிப்படிகங்களே இவ்வரிப்புக்குக் காரணம் என்பது அறிவியல் கண்ட உண்மை. தொண்டை அரித்தால் மனிதன் காறுவது இயல்பு. ஆதலின் உறுத்தலும் அதனால் விளையும் செயலும் ஒரே சொல்லால் வழங்கின எனக் கொள்ளுதல் பொருந்தும்.

திராவிட மொழிகளின் சொற்களை ஒப்பிட்டுப் பரோவும் எமனோவும் 1961இல் சொற்பிறப்பு அகராதி வெளியிட்டனர். அத்தகைய ஒப்பீடு இங்கும் பயன் தருகிறது. கன்னடத்தில் ‘காரு’ என்பது வாந்தியெடுத்தலைக் குறிக்கிறது. தமிழில் சளி என்பது கோழையைச் சுட்ட, தெலுங்கில் ‘சலி’ குளிரைச் சுட்டுகிறது. தமிழ் மருத்துவ நூல்களில் பயிலும் ‘கபம்’ வடசொல். அதற்குரிய தமிழ்ச்சொல் ‘ஐ’ என்பதாம்.

பெட்டாலிங் ஜெயா மருந்தகங்களில் கோழையைக் குறிக்க ‘கஹாக்’ என்னும் மலாய்ச் சொல் செவியில் விழும். தமிழின் ‘கக்கு’, ‘கக்குவான்’ ஆகியவற்றோடு அஃது ஒத்தொலிக்கிறது. எனினும், ஒலியொற்றுமை ஒன்றையே கொண்டு உறவு கற்பித்தல் ஆய்வு நெறியாகாது. தொண்டையின் ஓசையை இருமொழியாரும் தனித்தனியே சொல்லாக்கியிருத்தல் கூடும்.

இவ்வேறுபாடுகளை அறிவதனால் என்ன பயன் என மாணவர் வினவலாம். 1882இல் இராபர்ட்டு கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அந்நோயை அறியக் கோழையைச் சோதிக்கும் முறை இன்றும் உள்ளது. அதற்கு வாயில் ஊறும் எச்சில் போதாது. நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி வெளிக்கொணர்ந்த கோழையே வேண்டும். ‘துப்புங்கள்’ என்றால் முதியவர் எச்சிலையே தருவார். ‘நன்றாக இருமி, காறித் துப்புங்கள்’ என்று பெயரன் எடுத்துச் சொன்னால் வேண்டுவது கிடைக்கும்.

உமிழ்தல், துப்புதல், கக்குதல், காறுதல் ஆகியன ஒருபொருட் பன்மொழி அல்ல; ஒவ்வொன்றும் தனிச்செயலைக் குறிப்பது. இழிவென்று எண்ணி இவற்றை வகுப்பறையினின்று விலக்கினால், நோயுற்ற வேளையில் சொல்லின்றித் தவிப்பவர் நம் மக்களே ஆவர்.