கூலிங் கிளாஸ்... எவ்வளவு கறுப்பு இருந்தால் கண்ணுக்கு நல்லது?

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடையில் போய், 'அண்ணே, இருக்கிறதுலயே நல்ல கறுப்பா ஒண்ணு எடுங்க' என்று கேட்பவரா நீங்கள்? கொஞ்சம் பொறுங்கள். கறுப்பு கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பது தப்புக் கணக்கு.

கண் கூசுவது வெளிச்சத்தால். ஆனால், கண்ணுக்கே தெரியாத புற ஊதாக் கதிர்கள்தான் நாள்பட கண்புரை போன்ற சிக்கல்களுக்குக் காரணமாகின்றன. கண்ணாடியின் கறுப்பு, கூச்சத்தை மட்டும்தான் குறைக்கும். கதிர்களைத் தடுக்கும் தன்மை லென்ஸில் தனியாக இருக்க வேண்டும். அது இல்லாத கறுப்புக் கண்ணாடியைப் போட்டால், 'இருட்டிடுச்சு' என்று கண்ணின் பாப்பா விரிந்துகொள்ளும். கதிர்கள் இன்னும் தாராளமாக உள்ளே போகும்! அதனால், முதலில் 'யுவி 400' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால், யுவி மீட்டர் வைத்திருக்கும் ஆப்டிகல் கடையில் சோதித்துக்கொள்ளலாம்.

அடுத்தது கறுப்பின் அளவு. சர்வதேசத் தரப்படி இது 0 முதல் 4 வரை ஐந்து வகை. பிரேமின் உட்புறத்திலோ, டேக்கிலோ இந்த எண் இருக்கலாம்.

0, 1: 43 சதவிகிதத்துக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். மேகமூட்டமான நாளுக்கு, ஸ்டைலுக்கு ஓகே.

2: 18 முதல் 43 சதவிகிதம். மிதமான வெயிலுக்கு.

3: 8 முதல் 18 சதவிகிதம். நம் ஊர் உச்சி வெயிலுக்கு இது போதும்.

4: 3 முதல் 8 சதவிகிதம் மட்டுமே. பனிமலை போன்ற இடங்களுக்கானது. இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது.

3-ம் எண் கண்ணாடி போட்டிருந்தாலும், வெயிலிலிருந்து சட்டென சுரங்கப்பாதைக்குள் பைக் இறங்கும்போது சில நொடிகள் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இருட்டியபிறகு கூலிங் கிளாஸ் வேண்டவே வேண்டாம்.

நிறத்தில் சாம்பல் நிற லென்ஸ் பாதுகாப்பான தேர்வு. சிக்னல் நிறங்கள் அதிகம் மாறாமல் தெரியும். தார் ரோடு, தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் பளபளப்புதான் உங்கள் தொல்லை என்றால், இன்னும் கறுப்பாகத் தேடாமல் போலரைஸ்டு லென்ஸ் கேளுங்கள்.

வாங்கும் முன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடை வாசலுக்கு வாருங்கள். வெயிலைப் பார்த்தால் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறதா? கறுப்பு பத்தவில்லை. நிழலில் இருக்கும் படிக்கட்டு தெரியவில்லையா? கறுப்பு அதிகம். இரண்டும் இல்லையென்றால், பில் போடச் சொல்லிவிடலாம்!