தேயிலைப் பெட்டி இறங்கிய மலைவழி

டாப் ஸ்டேஷன் கண்டு மீண்ட எம் மாணாக்கன் ஒருவன், "ஐயா, ஸ்டேஷன் என்கின்றனர், ரயிலைக் காணோமே!" என்று வினவினான். போடியில் வாழும் நம் சங்கத்து அன்பர்களுள்ளும் பலர்க்கு இவ்வையம் உண்டாதலின் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

ரயில் இருந்தது. மூணாற்றுத் தோட்டங்களின் தேயிலையை நம் பக்கத்துச் சமவெளிக்கு இறக்கும் பொருட்டு, 1902-ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே ஒற்றைத் தண்டவாளம் ஒன்று இடப்பட்டது. அதன் வண்டிகளை எருதுகள் இழுத்தன. எருது பூட்டிய ரயிலை இன்று சொன்னால் நகைப்பர்! 1908-இல் அது இரண்டடி அகலமுள்ள சிறு இருப்புப்பாதையாக மாற்றப்பெற்றது. அப்பாதை மலைவிளிம்பில் முடிவுற்ற இடமே டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிய வண்ணம் கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடியினின்று போடிக்கு மாட்டு வண்டிகள் சுமந்தன.

1924-ஆம் ஆண்டு ஜூலைப் பெருவெள்ளம் அனைத்தையும் வாரிச் சென்றது. அது கொல்லம் ஆண்டு 1099 ஆதலின், மலையாளத்தார் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பர். பாதை மீண்டும் இடப்படவில்லை. மதுரையினின்று போடிக்கு ரயில் வந்ததோ 1928-இல். அதற்குள் மலைமேல் ரயில் மறைந்து நான்காண்டு கழிந்தது. சரக்கு ஒழிந்த அவ்விடம் இன்று மேகம் காண்போர்க்கும் குறிஞ்சி மலர் காண்போர்க்கும் உரியதாயிற்று.

கொழுக்குமலையின் நிலை சற்று வேறு. ஏறத்தாழ 8,000 அடி உயரத்திலுள்ள அத்தோட்டம் நம் போடி வட்டத்தைச் சேர்ந்தது. ஜீப் செல்லும் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லியினின்று வருகின்றது. அங்கே பழைய பொறிகளில் தேயிலையும் ஆகின்றது. ஞாயிற்றின் உதயம் காணக் கூட்டமும் சேர்கின்றது. அங்கிருந்து குரங்கணிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை மட்டும் அன்றிருந்தபடியே உள்ளது.

2018 மார்ச் 11-ஆம் நாள், அவ்வழியே இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னை, ஈரோடு முதலிய ஊர்களினின்று வந்த இளைஞரும் மகளிருமாக இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாசி முடிவில் அச்சரிவின் புல் எவ்வாறு காயும் என்பதை மலையில் உழைப்போர் அறிவர்; உல்லாசமாக வந்தோர்க்கு அதனைச் சொல்வார் இலர் போலும். நிலம் கைம்மாறியபோது அதன் குணத்தை அறிந்த அறிவு கைம்மாறாதொழிந்தது என்பதே எம் வருத்தம்.

குரங்கணி வழியே ஏற விரும்பும் அன்பர்கள் வனத்துறையின் அனுமதியை முன்னரே பெறுக. மாசி, பங்குனியில் பிள்ளைகளை அவ்வழி விடற்க.