இரவு யாருடையது?

சைதாப்பேட்டையில் எங்கள் மாடியில் குடியிருக்கும் நர்சிங் மாணவிகள் நள்ளிரவு தாண்டியும் போன் பார்க்கிறார்கள். "நெட்டுதான் பொண்ணுங்க தூக்கத்தைக் கெடுக்குது" என்கிறது தெரு. அது பாதி உண்மை. அவர்களது அசதியையும் மனச்சோர்வையும் நானும் பார்க்கிறேன். ஆனால் இந்தத் தூக்கமின்மை இணையத்தைவிட மூத்தது.

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய நைட்டிங்கேல் பள்ளி, பயிற்சிப் பெண்களை விடுதியில் தங்கவைத்து நடத்தையையும் கண்காணித்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. இரவுப் பணியும் விடுதிக் கட்டுப்பாடும் இத்தொழிலில் அன்றிலிருந்தே பழகியவை. போன் பறிப்பு அந்தக் கட்டுப்பாட்டின் புதிய வடிவம்.

செவிலியர் படிப்புக்கு வெளியிலும் இதுதான் நிலை. 2019இல் கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி மாணவி ஒருவர் மாலை 6 முதல் 10 வரை போனை ஒப்படைக்க மறுத்ததால் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கூறி, அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது கேரள உயர் நீதிமன்றம்.

வகுப்பு, வார்டு, ரெக்கார்டு நோட்டு எல்லாம் போக, இந்தப் பெண்களுக்கென்று மிஞ்சுவது இரவின் ஓரம்தான். அதையும் போனில் செலவழிப்பதால் உடல் கெடுவது நிஜம். தூக்கம்தான் நம் கவலை என்றால், இரவுப் பணி முடிந்த காலையில் வகுப்பு வைக்காதீர்கள் என்று முதலில் கேட்போம். போனைப் பற்றி அவர்களே பேசட்டும்.