பிள்ளை எனும் உறவும் பிரித்தானியக் குடிவரவு விதிகளும்

ஒருவர் இன்னாரின் பிள்ளை என்பது ஊரார் எவரும் ஐயுறாத செய்தி. அச்செய்தி கடல்கடந்து வேற்றரசொன்றின் முன் வைக்கப்படும்போது விண்ணப்பமாக மாறுகின்றது. விண்ணப்பம் சான்று வேண்டி நிற்கின்றது. சான்று தேடுவதில் கழியும் காலம் பிள்ளைகளின் உரிமையையே அழித்துவிடக்கூடும் என்பதற்கு, வங்காளத்தின் சில்ஹெற் பகுதியிலிருந்து பிரித்தானியா செல்ல விண்ணப்பித்த சிறுவரின் வரலாறு தக்க எடுத்துக்காட்டாகும்.

சில்ஹெற் ஆடவர் பிரித்தானியக் கப்பல்களின் இயந்திர அறைகளில் நெடுங்காலம் தொழில் புரிந்தவர்கள். இரண்டாம் உலகப் போரின் பின்னர் அவர்களுட் பலர் பிரித்தானியத் தொழிற்சாலைகளில் வேலை பெற்றனர். மனைவியரும் பிள்ளைகளும் ஊரிலேயே இருந்தனர். 1962 ஆம் ஆண்டின் பொதுநலவாயக் குடிவரவுச் சட்டம் தொழிலாளர் வருகையைக் கட்டுப்படுத்தியதாயினும், அங்கு வதிவோரின் மனைவிக்கும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் நுழையும் உரிமையை விட்டுவைத்தது. 1968 இல் வந்த சட்டம், பெற்றோர் இருவரும் அங்கு வாழ்ந்தாலன்றிப் பிள்ளைகள் நுழைவது அரிதென்னும் நிலையை ஏற்படுத்தியது. 1969 இன் சட்டமோ, பயணத்துக்கு முன்னரே நுழைவுச் சான்றிதழ் பெறுதலைக் கட்டாயமாக்கியது. இதனால் முடிவு செய்யும் இடம் இலண்டன் விமான நிலையத்திலிருந்து விண்ணப்பதாரரின் நாட்டுக்கு மாறிற்று. வங்காளதேசம் தோன்றிய பின்னர், சில்ஹெற் குடும்பங்களுக்கு அவ்விடம் டாக்காவாக அமைந்தது.

அங்கு எழுந்த முதன்மையான இடர்ப்பாடு ஆவணமின்மையே. கிராமங்களில் பிறப்புக்களைப் பதியும் வழக்கம் அருகியே காணப்பட்டது; பிற்காலத்திற் பெறப்பட்ட சத்தியக்கடதாசிகளை அதிகாரிகள் நம்பவில்லை. எனவே தாயையும் பிள்ளைகளையும் தனித்தனியே விசாரித்து, வீட்டின் அமைப்பு, உறவினர் விபரம் முதலியவை பற்றிய விடைகளை ஒப்புநோக்கினர். விடைகள் முரண்பட்டவிடத்து உறவே பொய்யெனக் கொள்ளப்பட்டது. சகோதரரின் மகனைத் தம் மகனெனக் காட்டியோரும் இருந்தனர் என்பதை மறுத்தற்கில்லை. ஆயின், சிலர் செய்த பிழையின் ஐயம் எல்லோர் மீதும் படிந்தது. வயதை அறிய எலும்புகளை எக்ஸ் கதிர்ப்படம் எடுக்கும் முறையும் கையாளப்பட்டது. எலும்பின் வளர்ச்சி வயதை அண்ணளவாக மட்டுமே காட்டவல்லது. ஓரிரு ஆண்டு வேறுபாட்டை அதனால் அறுதியிட்டுரைக்க இயலாது. கடுங்கண்டனத்தின் பின்னர் 1982 இல் அம்முறை கைவிடப்பட்டது. இதற்கிடையில் விசாரணைக்கும் மேன்முறையீட்டுக்குமாகக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தன.

1985 இல் நிலைமை மாறத் தொடங்கியது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்த மரபணுச் சோதனை, கானாவிலிருந்து திரும்பிய சிறுவனொருவன் பிரித்தானியாவில் வாழ்ந்த தாயின் சொந்த மகனே என்பதை நிறுவியது. பின்னர் பிரித்தானிய உள்நாட்டலுவல்கள் அமைச்சு தென்னாசியக் குடும்பங்களிடையே அச்சோதனையைப் பரீட்சார்த்தமாக நடத்தியது. சோதிக்கப்பட்டோருட் பெரும்பான்மையோர் தாம் கூறிய உறவினராகவே இருந்தமை 1988 இல் வெளியான அறிக்கையாற் புலனாயிற்று. அதிகாரிகள் பொய்யெனத் தள்ளியவற்றுட் பல மெய்யாக இருந்தன.

ஆயினும் அம்மெய் காலந்தாழ்த்தியே வந்தது. முன்னர் மறுக்கப்பட்ட பிள்ளைகளுட் பலர் அப்போது 18 வயதைக் கடந்திருந்தனர். உறவை நிறுவுவது மட்டும் அவர்களுக்குப் போதாது என்றும், பெற்றோரில் தொடர்ந்து தங்கியிருத்தலையும் இரங்கத்தக்க சிறப்புச் சூழ்நிலையையும் காட்டவேண்டும் என்றும் 1989 இல் அரசு அறிவித்தது. தவறு அரசினுடையதாயிருக்க, அதன் விளைவைப் பிள்ளைகளே சுமந்தனர்.

வயதெல்லையை விதிக்கும் சட்டம் சான்றுப் பொறுப்பையும் விண்ணப்பதாரர் மீது சுமத்துமாயின், தாமதமே மறுப்பாகிவிடும். ஒரு நிருவாகம் உண்மையைக் கண்டதா என வினவுவதோடு வரலாற்று மாணவர் அமைதல் கூடாது. அவ்வுண்மை பயன்படும் காலத்திற் கண்டதா என்பதையும் வினவுதல் வேண்டும்.